வீடு விற்றாயிற்று என்று வந்த கடிதம்

நான் வேலை பார்க்கும் அடுக்குமாடி பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. வாசலில் உள்ள பூச்சட்டிகளுக்கும், மேல்தளத்து நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள செடிகளுக்கும் தண்ணீர் விடுவது என் வேலை. அங்கே ஆறேழு வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீடு வாங்கிப் போட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் குளிர் தொடங்கும்போது வருவார்கள். அங்கே பூப் பூக்கும் நேரத்தில் போவார்கள். போகிற வாரத்தில் லிஃப்டில் என்னைப் பார்த்தால், "நெக்ஸ்ட் வீக் வீ ஆர் கோயிங் ஹோம்" என்று சிரித்தபடி சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது, "குட் டு பி ஹோம்" என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். யாரிடமும் வாய் திறந்து பேசி எனக்கு வழக்கமில்லை.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிற அன்றைக்கெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன். சட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து காலை நனைத்த பிறகுதான் சுயநினைவு வரும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வீர்கள். என் காரணம் ஒரு கடிதம். அதைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கிள்ளானில், ஆற்றுக்குத் தெற்கே மேடான பகுதியில் துரையின் வீடு இருந்தது. துரை தோட்டத்தில் மேனேஜராக இருந்த காலத்தில் அப்பா அவர் பங்களாவில் கெபூன் வேலை பார்த்தவர். புல் வெட்டுவார், செடி வளர்ப்பார், மழையில் சாய்ந்த மரத்துக்கு முட்டுக்கொடுப்பார். துரை ஓய்வு பெற்றதும் மற்ற துரைமார்களைப் போலக் கப்பலேறவில்லை. கிள்ளானில் இந்த வீட்டை வாங்கி, அப்பாவையும் கூட்டி வந்துவிட்டார். அம்மா சமையலுக்கு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள் எங்களுக்கு. நான் ஒரே பிள்ளை. அங்கிருந்துதான் பள்ளிக்கு நடந்து போவேன்.

துரைக்கு இங்கிலாந்திலும் ஒரு வீடு உண்டு. அதன் படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. கல்லால் கட்டிய சின்ன வீடு. பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை துரையும் அவர் மனைவி மேமும் இங்கே இருப்பார்கள், மற்ற ஆறு மாதம் அங்கே. எங்கள் பின்கட்டில் வருடம் என்பது இரண்டு துண்டு. "இருக்கிற மாசம்", "இல்லாத மாசம்" என்றுதான் அம்மா சொல்வாள். இருக்கிற மாதத்தில் காப்பி மணமும், ரேடியோ சத்தமும், துரை நாற்காலியைத் தள்ளி எழும் சத்தமும். இல்லாத மாதத்தில் மாமரத்து இலை விழுவதுகூடக் கேட்கும்.

நான் சொல்லப்போவது ஒரு இல்லாத மாதத்தைப் பற்றி.

அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாளாகும். கம்பளிக் கோட்டுகளைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுவார்கள். அந்தக் கோட்டுகளில் அந்து உருண்டை வாசம் அடிக்கும். அதை நான் வெகுகாலம் இங்கிலாந்தின் வாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலி, சோபா, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடுவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு அம்மா சமையலறையிலேயே நின்றுகொண்டாள்.

"என்னா இது, சாவு வீடு மாதிரி? எல்லாத்துக்கும் கோடி போட்டு வெச்சிருக்காங்க. நான் வெள்ளிக்கிழமை இதுக்குள்ள போய் எப்படிக் கூட்டுவேன்? வெள்ளைத் துணி வேணாம்னு தொரைகிட்ட சொல்லுங்க."

"அவங்க வழக்கம் அது," என்றார் அப்பா.

"கூட்டுறது நானா அவங்களா?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு போய்ச் சொன்னார். துரைக்குத் தமிழ் தெரியும். முப்பது வருடம் தோட்டத்தில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தமிழ், எல்லாரையும் 'நீ, வா, போ' என்கிற தமிழ். அவர் மேமிடம் சொல்ல, மேம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து பழைய சன்னல் திரைகளை அள்ளிப்போட்டாள். பெரிய பெரிய ரோஜாவும் ஊதாப் பூவும் அச்சடித்த திரைகள். அன்றிலிருந்து இல்லாத மாதங்களில் கூடம் முழுக்கப் பூவாகக் கிடந்தது. மூடிய சன்னலின் கட்டை இடுக்கு வழியாகக் கோடுகோடாக வெயில் விழும். தூசி அந்த வெயிலில் ஏறி இறங்கும். பூப்போட்ட சோபாக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிற மிருகங்கள் மாதிரி இருக்கும். நான் கால் ஓசை கேட்காமல் நடப்பேன், எழுப்பிவிடக்கூடாதே என்று.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சன்னல்களைத் திறந்து, கூட்டித் துடைத்து, கடைசியில் எல்லா அறையிலும் சாம்பிராணி காட்டுவாள். ஆள் புழங்காத வீட்டை அப்படியே விடக்கூடாது என்பாள். துரைக்கு இது தெரியாது, தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அப்பா கூடத்தில் இருந்த இரண்டு கடிகாரங்களுக்கும் சாவி கொடுப்பார். ஒன்று நம் நேரம் காட்டும். இன்னொன்று இங்கிலாந்து நேரம். பள்ளி விட்டு நான் பசியோடு வரும்போது அந்தக் கடிகாரத்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். துரையும் மேமும் இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து, அதற்காகவும் நான் மெதுவாக நடந்திருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பூத்திரைக்குக் கீழே ஒரு படம் பாதியில் கிடந்தது. அட்டைத் துண்டுகளைக் கோத்துக் கோத்துப் பெரிய படமாக்கும் விளையாட்டு அது. மேம் மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே நாலு துண்டு சேர்ப்பாள். முடியாமல் ஏப்ரல் வந்துவிட்டால் அப்படியே மூடிவிட்டுப் போய், அக்டோபரில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "ஒடஞ்ச படத்த வாங்கி வெச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்காங்க பாவம்" என்று அப்பாவிடம் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் திரையைத் தூக்கிப் பார்த்து, ஒரு கூரையின் மூலையில் ஒரு துண்டைப் பொருத்தினேன். சரியாக உட்கார்ந்தது. அதைத் திரும்ப எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, எடுக்காமல் விட்டுவிட்டேன். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கடிதம் வந்த வருடத்துக்கு முந்தைய அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவும் நானும் வாடகை வேனில் சுபாங் விமான நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்து வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் மேம் செருப்பைக் கழற்றினாள். கூடத்துக்குள் இரண்டடி வைத்தாள். முந்தைய நாள் அம்மா போட்ட சாம்பிராணி இன்னும் திரைகளில் இருந்தது. மேம் மூக்கால் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஓ, இட்ஸ் குட் டு பி ஹோம்" என்றாள்.

எனக்கு அது புரிந்தது. பள்ளியில் அந்த வாரம்தான் ஆங்கிலப் பாடத்தில் 'ஹோம்' வந்திருந்தது. ஆனால் அதே மேம் சமையலறையில் அம்மாவிடம் ஆப்பிளைக் காட்டி, "அட் ஹோம்" இது கொல்லை மரத்திலேயே காய்க்கும் என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். ஆக, மேமுக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும். இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று ஒரு மாதம் துணிச்சலைச் சேர்த்து, வகுப்பில் எழுந்து நின்றேன்.

"சார், ஹவுஸ்னாலும் வீடு, ஹோம்னாலும் வீடா சார்?"

"ரெண்டும் ஒன்னுதான். உக்காரு," என்றார் வாத்தியார்.

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வகுப்பில் நான் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அதற்கடுத்த ஏப்ரலில் அவர்கள் கிளம்பும்போது ஒரு வித்தியாசம் இருந்தது. வழக்கமாகப் பெட்டிகள் நிறைந்து போகும். அன்றைக்கு அப்பாவும் டிரைவரும் ஏற்றிய இரண்டு பெரிய பெட்டிகளில் ஒன்றுமே இல்லை. நான்கூட ஒன்றைத் தூக்கினேன். "காலிப் பொட்டிய எதுக்குச் சொமந்துக்கிட்டுப் போறாங்க?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். கிளம்புமுன் துரை அப்பாவை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வேன் இறக்கத்தில் போய் மறைந்ததும் அப்பா உடனே புல் வெட்டப் போய்விட்டார். அன்றைக்குப் புல் ஒன்றும் அப்படி உயரமாக இல்லை. மேம் வேனில் ஏறும் முன் என் தலையில் கை வைத்து ஆங்கிலத்தில் சொன்னதைத் துரை எனக்குத் தமிழில் சொன்னார். ஜனவரியில் நான் கிள்ளானில் இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், முதலில் புகுமுக வகுப்பு, பிறகு படிவம் ஒன்று, தினமும் மாலையில் மேமே உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள். அம்மா அன்று பள்ளிச் சீருடைத் துணி விலை விசாரிக்க பாசார் கடைகளுக்கே போய்விட்டாள்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. மடித்து ஒட்டிய நீல நிறக் காகிதம், அதுவேதான் உறையும். வருடத்துக்கு ஒன்று வரும். துரைக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத வராது, ஆகையால் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கீழே இருந்த கிராணி வீட்டுக்குப் போவோம். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் இருந்தாலும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, லைசென்ஸ், எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். அவர் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு இன்னொரு தரம். முகம் மாறியது.

"தொரை என்ன சொல்றாருங்க ஐயா?"

"இருப்பா." சத்தமாகப் படித்தார். "த ஹவுஸ் இஸ் சோல்ட். வீ ஷல் பி ஹோம் ஃபார் குட் பை மிட் அக்டோபர். ப்ளீஸ் ஹேவ் எவ்ரிதிங் ரெடி." காகிதத்தைத் தாழ்த்தினார். "வீட்ட வித்துட்டாங்க. அக்டோபர்ல இருந்து ஒரேயடியா ஊரோட இருந்துடுறாங்களாம்."

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "எந்த வீட்டங்க?"

"எந்த வீட்டன்னா? நீங்க இருக்குற வீட்டத்தான்."

"ஊருக்குப் போறாங்கன்னா எழுதியிருக்கு?"

"ஹோம்னு எழுதியிருக்கும்மா. வெள்ளைக்காரனுக்கு ஹோம்னா இங்கிலாந்து. தோட்டத்துல தொரைமாருக்கெல்லாம் ஹோம் லீவு போட்டுக் குடுத்தவன் நான். ஒன்னா ரெண்டா, முப்பது வருஷம். ஹோம் லீவுன்னு எழுதிட்டு எவனாச்சும் கிள்ளானுக்கு வந்தானா?" அவர் கொஞ்சம் சிரித்தார். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

"எல்லாம் ரெடியா வைன்னு இருக்கு பாரு. வாங்குனவன் அக்டோபர்ல வருவான்ல. அவன் ஆள் அவன் வெச்சுப்பான். வந்து எறங்குன்னு சொல்லுற வரைக்கும் இருக்காதப்பா. மரியாதையா முன்னாடியே கெளம்பிடு."

"சரிங்க ஐயா," என்றார் அப்பா.

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சாம்பிராணி வாசத்தில் கண் மூடி நின்ற மேம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தாள். நான் தூக்கிய காலிப் பெட்டியின் கனமின்மைகூடக் கையில் இருந்தது. வெறும் பெட்டியோடு போகிறவர்கள் எதையோ நிரப்பிக்கொண்டு வரத்தானே போகிறார்கள். விற்றது அந்தக் கல்வீடு. ஹோம் என்பது இது. தலைக்குள் இது அத்தனை தெளிவாக இருந்தது.

கிராணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னடா, நீயும் இங்கிலீஷ் படிக்கிறவன்தானே. ஐயா சொல்றது சரியா?"

நான் தலையாட்டினேன்.

இதை எழுதும்போதும் என் கழுத்து அப்படி அசைந்ததை உணர்கிறேன். ஒரு தடவை, மேலும் கீழுமாக.

கிராணி அங்கேயே உட்கார்ந்து துரைக்குப் பதில் எழுதினார். உங்கள் தயவுக்கு நன்றி, நாங்கள் வீட்டைச் சுத்தமாக விட்டுப் போகிறோம் என்று எழுதியதாகச் சொன்னார். அந்தப் பதில் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அது போய்ச் சேர்ந்தபோது அந்தக் கல்வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். துரையும் மேமும் சாமான்களைக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

கிராணியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பொய்யான வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. அவரும் இங்கே பிறந்தவர்தான். ஆனாலும் பேச்சு முழுக்க "ஊர்ல, ஊர்ல" என்றே இருக்கும். அவர் அப்பா விட்டுவந்த, அவர் ஒரு தடவைகூடப் பார்க்காத ஊர். பிள்ளைகள் கல்யாணம் முடியட்டும், ஊரோடு போய்விடுவேன் என்று எல்லாரிடமும் சொல்வார். போகவில்லை, கிள்ளானில்தான் இறந்தார். கடல் தாண்டி வந்த ஒருத்தன் இந்தப் பக்கத்தைப் பார்த்து ஹோம் என்று எழுதுவான் என்பது அவருக்குத் தோன்றவே வழியில்லை.

கேரித் தீவில் தாய்மாமா செம்பனைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிவிட்டு வந்தார். செப்டம்பர் நடுவில் மாமா ஒரு லோரியோடு வந்தார். கட்டில், இரண்டு பெட்டி, அம்மி, கோழிக்கூண்டு, அவ்வளவுதான் எங்கள் சாமான். அம்மா கிளம்பும் நாளன்றும் பெரிய வீட்டுக்குள் போய் வெகுநேரம் துடைத்தாள். மாமா வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

"அக்கா, வித்துப்போன வீட்ட எதுக்கு இப்படித் தேய்க்கிற? வாங்குனவன் வெலையக் கூட்டிக் குடுக்கப் போறானா லா?"

"நீ லோரியப் பாரு," என்றாள் அம்மா.

நான் கடைசியாக ஒரு தடவை கூடத்தில் நின்றேன். பூத்திரைகள் அசையாமல் கிடந்தன. இரண்டு கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன, இன்னும் நாலைந்து நாளில் நின்றுவிடும். இங்கே காலை, அங்கே இன்னும் இருட்டு. இந்த நேரத்தில் சொன்னால்கூடப் போதும் என்று நினைத்தேன். அப்பா வாசலில் பூட்டோடு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. நான் வெளியே வந்தேன். அப்பா பூட்டி, சாவியைக் கிராணி வீட்டில் கொடுத்தார்.

தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செம்பனைக்குள் பகலுக்கும் பச்சை நிறம்தான். வரிசை வரிசையாக மரம். எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் கடைசியில் ஒரே மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. ஓடைக்கரைச் சேற்றில் நண்டுகள் ஒற்றைக் கையைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிடும். உப்புக் காற்றோடு பழுத்த செம்பனைப் பழத்தின் எண்ணெய் வாடை கலந்து வரும். அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பின் மிச்ச மாதங்களைப் படித்தேன். இடைநிலைப் பள்ளி ஆற்றைத் தாண்டி வெகுதூரம். காலையில் ஏற்றிப் போக பஸ் கிடையாது. சைக்கிளில் போகிற பையன்கள் இருந்தார்கள். நான் தனியாகப் போவேன் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. லயத்து வரிசை வீட்டில் இரவு படுத்தால், பூப்போட்ட சோபாக்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன். காலையில் கோழி கூவியதும் எந்த வீட்டில் விழித்திருக்கிறேன் என்று தெரியக் கொஞ்ச நேரமாகும்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், செம்மண் பாதையில் சேறு தெறிக்க ஒரு கார் வந்து லயத்துக்கு முன்னால் நின்றது. முதலில் இறங்கியது மேம். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு துரை. லயத்து நாய்களெல்லாம் குரைத்தன, பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து பாராங் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"ஏன் போயிட்டே?" என்றார் துரை. திட்டுகிற குரல் இல்லை. "நான் வந்து பாக்குறேன், கேட் பூட்டு. புல்லு இவ்ளோ உயரம். எங்கிட்ட இருந்த சாவியில தொறந்தேன், உள்ள ஒரு ஆள் இல்ல. மேம் அழுதா. துணியெல்லாம் எடுக்காம சோபா மேலேயே ரெண்டு நாள் படுத்தோம். உனக்கு என்னா ஆச்சோன்னு ஆஸ்பத்திரில கூட கேட்டேன். நேத்துதான் கிராணிய வழியில பாத்தேன், அவன்தான் சொன்னான் நீ இங்க இருக்கேன்னு."

"கடுதாசி வந்துச்சு தொரை. வீட்ட வித்தாச்சுன்னு..."

"ஆமா. அந்த வீடு." துரை தடியைத் தூக்கிச் செம்பனைகளுக்கு மேலே மேற்குப் பக்கமாகக் காட்டினார். "அந்த வீடுதான் வித்தேன். இந்த வீட்ட நான் ஏன் விக்கிறேன்?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மேம் போய் அவள் பக்கத்தில், அந்தச் சிமெண்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மேம் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு லோரி அனுப்புறேன். வா," என்றார் துரை. "பையனுக்கு ஜனவரில ஸ்கூல் இருக்கு. மேம் கேட்டு வெச்சிருக்கா."

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு 'சரி' போதும். நாளை இந்நேரம் நாங்கள் கிள்ளானில் இருப்போம். அப்பா எல்லாருக்கும் எப்போதும் சொல்கிற சொல் அது. அன்றைக்கு மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கங்க தொரை. இங்க வேலைக்குப் பேர் குடுத்துட்டேன். நம்பர் போட்ட வீடு குடுத்திருக்காங்க."

"இத விட நல்ல வீடு அங்க இருக்குதானே?"

அப்பா கத்தியை ஒரு வழியாகக் கீழே வைத்தார். "நல்ல வீடுதான். நீங்க நூறு வயசு இருக்கணும். ஆனா நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா மறுபடியும் ஒரு கடுதாசி வரும். நாலு வரி எழுதி வந்தா நாங்க மூட்டையக் கட்டணும்னா, அது எங்களுக்கு வீடு இல்லீங்க தொரை."

துரையிடம் அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மேம் படியிலிருந்து, என்ன சொல்கிறான் என்பது போலத் துரையைப் பார்த்தாள். துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எந்த வார்த்தையைப் போடுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஹி சேஸ் இட் வாஸ் நெவர் தேர் ஹோம்" என்றார். அம்மாவின் கையை விட மேமுக்கு வெகுநேரம் ஆனது.

கார் போன பிறகு லயம் முழுக்க எங்கள் வாசலில் கூடியது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், புகை அதிகமாக வந்தது. அப்பா பாராங்கை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனார். நான் பின்னால் போனேன். அவர் கல்லில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய கத்தியைத் திரும்பக் கழுவினார்.

"அப்பா," என்றேன். "அன்னைக்குக் கிராணி ஐயா படிச்சப்பவே எனக்குத் தெரியும்பா. மேம் நம்ம வீட்டத்தான் ஹோம்னு சொல்லுவாங்க. நான் கேட்டிருக்கேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஏன்டா சொல்லல?"

"கிராணி ஐயா இருந்தாரு."

ஒரு நண்டு வளைக்குள் போய், திரும்ப வெளியே வந்தது. அப்பா கத்தியை வேட்டியில் துடைத்தார்.

"ஏப்ரல்ல, மாமரத்துக்குக் கீழ தொரை எங்கிட்டச் சொன்னாரு. இந்தத் தடவ போயிட்டு வந்தா இனி போகமாட்டேன்டான்னு. எனக்கும் அன்னைக்கு அது நெனப்பு வந்துச்சு." கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "படிச்சவரு சொல்றாரு. அவர எதுத்து எப்படிடா கேக்குறது? பையன் தலையாட்டுனான், சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். வீடு வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. சைக்கிள் வைத்திருந்த பையன்கள் வெள்ளைச் சட்டையோடு, மணியடித்துக்கொண்டு லயத்தைத் தாண்டிப் போனார்கள். நான் அப்பாவோடு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போனேன்.